பப்ளிக் ஃபோல்டரில் இருந்த முகம்

கோபம் எனக்குக் கூடவே பிறந்தது. அலுவலகத்தில் புதிதாக யாராவது வந்தால், "அந்த அக்கா நல்லா கோட் எழுதும், ஆனா வாய் மட்டும் கொடுத்துடாதீங்க" என்றுதான் முதலாளி என்னை அறிமுகப்படுத்துவார். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம். மதியமானால் ரசமும் பொரித்த மீனும் படியேறி வந்துவிடும். மற்றவர்களுக்கு வலைச்செயலி செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. எழுதுவது நான், விற்பது அவர்.

அவர் ஒரு நாள் கிள்ளானிலிருந்து ஒரு வேலையைப் பிடித்து வந்தார். கணவனிடம் அடிபட்டு வெளியேறிய பெண்கள் தங்கும் இல்லம் அது. பார்க்க சாதாரண வரிசை வீடு. பெயர்ப்பலகை கிடையாது. அங்கே அப்படி ஒரு இல்லம் இருப்பது வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது. அந்தப் பெண்களுக்கு இருந்த பாதுகாப்பே அவ்வளவுதான். போலீஸ் புகார், ஆஸ்பத்திரிச் சீட்டு, காயத்தின் படங்கள் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி வைத்துத் தேடி அலுத்துப்போயிருந்தார்கள். இனிமேல் கணினியில் ஏற்றிவிடலாம் என்று எங்களிடம் வந்தார்கள்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஓர் அக்கா. தடித்த உடம்பு, தாழ்ந்த குரல். வரும் பெண்களை முதல் நாளே வாசல் போர்ச்சில் நிற்கவைத்துப் படம் எடுப்பது அவர் வழக்கம். வீட்டுக்குள் மஞ்சள் விளக்கு, அதில் கன்றிப்போன காயம் சரியாகத் தெரியாது, பகல் வெளிச்சம்தான் பொய் சொல்லாது என்பார். படத்தைக் கணினியில் ஏற்றும்போது அந்தப் பெண்ணின் பெயரை ஐசி அடையாள அட்டையில் உள்ளபடி, தகப்பன் பெயரையும் சேர்த்து, படத்துக்குப் பெயராக முழுசாகத் தட்டி வைப்பார். போலீஸ் நிலையமோ நல இலாகாவோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அப்படித்தானே கேட்கிறார்கள். நம் ஆட்களில் ஒரே பெயரில் எத்தனை பேர்! தகப்பன் பெயர் இல்லாவிட்டால் ஒருத்தியின் காயம் இன்னொருத்தியின் கணக்கில் போய்விடும். இரண்டு பழக்கத்திலும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டுமே அந்தப் பெண்களுக்காகச் செய்தவை.

இப்போது கொஞ்சம் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்கில் ஒரு செட்டிங் கோப்பு உண்டு. எந்தச் சாமான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதில் வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். பப்ளிக் ஃபோல்டர் என்பது கடையின் முன்பக்கம். அதில் வைத்ததை உலகத்தில் யார் வேண்டுமானாலும் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம். அதற்கு வெளியே இருக்கும் ஃபோல்டர் கடையின் உள்ளறை. செயலி போய் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதுவும் கேட்பவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். ஏற்றும் படங்கள் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வரிதான். அந்த வரியில் நான் உள்ளறையின் பாதையை எழுதியிருந்தேன்.

ஒப்படைக்கும் நாளன்று காலையில் நான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இன்னொரு வாடிக்கையாளரின் கடையில் இருந்தேன். முதலாளி போன் செய்து, உண்மையான சர்வரில் படம் ஏறவே மாட்டேன் என்கிறது, இல்லத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குதித்தார். உள்ளறை ஃபோல்டரில் எழுத அனுமதி கொடுக்க மறந்திருப்பீர்கள், நான் வந்து பார்க்கிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றேன். நான் திரும்புவதற்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அனுமதி கொடுத்தேன் என்றார். "ஓடுதுல? சுடா லா" என்று சிரித்தார். போதும், விட்டுத் தள்ளு என்று அர்த்தம். அவர் தொழிலுக்கு ஒரு வேதம் உண்டென்றால் அது இந்த இரண்டு சொல்தான். சர்வரின் பாஸ்வேர்டை அவர் யாருக்கும் தருவதில்லை, நிறுவனத்தையே அதில்தான் பூட்டி வைத்திருப்பது போல. அதனால் என்னால் திறந்து பார்க்க முடியவில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்குச் செயலியைச் சொல்லிக்கொடுக்க கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். முன்னறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். அக்கா எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். சமையலறையில் சோறு கொதித்தது. பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கண்டெய்னர் லோரி ஓட்டுபவனின் மனைவி, விலா எலும்பு இன்னும் ஆறவில்லை என்று அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்த நேரத்தில் வெளியே பெரிய எஞ்சின் சத்தம் கேட்டது. குடியிருப்புச் சாலையில் அவ்வளவு பெரிய லோரிக்கு என்ன வேலை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கேட் உடைந்தது. பின்னால் கண்டெய்னர் இல்லை, லோரியின் தலை மட்டும்தான். கேட்டை அப்படியே முட்டித் தள்ளிக்கொண்டு போர்ச்சுக்குள் வந்து நின்றது. பூந்தொட்டிகள் நொறுங்கின. ஒருவன் குதித்து இறங்கினான். கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி.

அக்கா ஓடிப்போய்க் கம்பிக்கதவை இழுத்துப் பூட்டினார். அவன் பூட்டை அடித்தான். அடிக்கும்போதே மனைவியின் பெயரை, ஐசியில் உள்ளபடி தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுசாகக் கத்தினான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பூட்டு தெறித்தது. அக்கா இரு கைகளையும் விரித்து வழியை மறித்து நின்றார். அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவர் முன்கையில் கம்பி இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் கத்தவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண் பின்சுவர் ஏறித் தப்பப் பார்த்திருக்கிறாள். விலா வலியில் ஏற முடியவில்லை. அவள் தலைமுடியைப் பிடித்துச் சமையலறை வழியாக இழுத்து வந்தான். அவள் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டே வந்தன. முன்னறையில் அவளை மண்டியிட வைத்து, ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த கம்பியைக் கக்கத்தில் இடுக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஊருக்கே மூஞ்சியக் காட்டிக்கிட்டு எனக்கு மட்டும் ஒளிஞ்சிக்கிறியா? உன் பேரப் போட்டுத் தேடுனேன். வந்து நிக்குற. பின்னால இருக்குற கார் கழுவுற கடைய எனக்குத் தெரியாதா? தினமும் இந்த ரோட்டுலதான்டி போர்ட்டுக்குப் போறேன்."

போன் திரை என் பக்கமாகத் திரும்பியது. போர்ச்சில் அவள் நிற்கும் படம். கன்னம் வீங்கியிருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் எதிர்க்கடையின் நீலப் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் பளிச்சென்று தெரிந்தன. மேலே முகவரிப் பட்டையில் நான் எழுதிய செயலியின் பெயர், அதற்குப் பக்கத்தில் பப்ளிக் ஃபோல்டரின் பாதை. ஒரு வரியை மாற்றியிருக்கிறான் அந்த மனுஷன், என் முதலாளி. அனுமதி கொடுத்தேன் என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். படங்களையெல்லாம் கடை முன்னால் கொட்டி வைத்திருக்கிறான். பெயரோடு, தகப்பன் பெயரோடு. தேடுபொறி வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது.

நினைக்க எனக்கு நேரமாகியிருக்கலாம். உடம்புக்கு ஆகவில்லை. சமையலறைக் கதவோரம் தீயணைக்கும் சிவப்பு உருளை மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கி அவன் முட்டியில் அடித்தேன். அவன் பிடி விட்டது. திரும்பிக் கம்பியை வீசினான். அது என் இடது கண்ணுக்கு மேலே பட்டது. பாதி அறை சிவப்பாகிவிட்டது. கீழே விழுந்தவள் எழுவதற்குள் அவள் முதுகில் மிதித்தான். நான் மறுபடியும் அடித்தேன், எங்கே பட்டது என்று தெரியவில்லை. அதற்குள் இல்லத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அறையை விட்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி துடைப்பத்தால் அடித்தாள். இன்னொருத்தி அடுப்பிலிருந்த சோற்றுப்பானையை அப்படியே தூக்கி வந்து, கொதிக்கும் கஞ்சியோடு அவன் முதுகில் கொட்டினாள். அவன் போட்ட அலறலில்தான் எதிர்க்கடையில் கார் கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். மூன்று பேராக அவன்மேல் உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும்வரை அவன் சோற்றுப் பருக்கைக்குள் முகம் புதைத்துக் கிடந்தான். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

போலீஸ் அவனையும் அவன் போனையும் எடுத்துப் போனது. ஆம்புலன்ஸ் அக்காவையும் அந்தப் பெண்ணையும் ஏற்றியது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அந்த ஃபோல்டரில் அவள் படம் மட்டுமா இருந்தது? துடைப்பம் எடுத்தவள், பானை தூக்கியவள், மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள், எல்லாருடைய முகமும் இருந்தது. எல்லாருக்கும் ஒரு கணவன் இருந்தான், ஒவ்வொரு கணவனிடமும் போன் இருந்தது. ஒரு துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதலாளியைக் கூப்பிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்யாண விருந்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். ஐயோ என்றார். சர்வர் பாஸ்வேர்டைக் கேட்டேன். அதை போனில் தர முடியாது, திங்கள்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்.

"பாஸ், இப்பவே அனுப்புங்க. இல்லன்னா மூஞ்சியில ஒழுகுற ரத்தத்தோட அந்த மண்டபத்துக்கே வரேன். மாப்பிள்ளை பொண்ணு பக்கத்துல நின்னு மைக்குல சொல்றேன்."

அனுப்பினார்.

சர்வருக்குள் நுழைந்தேன். அந்த வரியைப் பார்த்தேன். நான் எழுதிய பாதையை அழிக்கக்கூட இல்லை, அதற்குக் கீழே தன்னுடையதை எழுதி வைத்திருந்தார். படங்களின் ஃபோல்டர் முழுவதையும் உள்ளறைக்கு நகர்த்தினேன். வரியைத் திருத்தினேன். ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டும் வசதியை அணைத்தேன். என் போனில் பழைய முகவரியைத் தட்டினேன். காணவில்லை என்று வந்தது. இன்னொரு படத்தைத் தட்டினேன். காணவில்லை. ஒவ்வொரு முகமாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தேடுபொறியிடமும் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். இப்போது செயலிக்குள்ளேயும் படம் தெரியாது, நுழைந்தவர் யார் என்று பார்த்துவிட்டு எடுத்துக் கொடுக்கும் துண்டு நிரலைத் தனியாக எழுத வேண்டும். வலது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதையும் எழுதினேன். எனக்குப் பின்னால் பெண்கள் துணிமணிகளைக் குப்பைப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடு முடிந்துவிட்டது. இனி யாரும் அங்கே தங்க முடியாது.

திங்கள்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். புருவத்தில் தையல், கண் மூடிக் கிடந்தது. முதலாளி எனக்காகக் கிளாஸில் தேத்தாரே டீ வாங்கி வைத்திருந்தார். நல்ல மனிதர்தான் என்று ஊரில் சொல்வார்கள், கோயிலுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார். தெரியாமல் செய்துவிட்டேன், இதை வெளியில் பெரிதாக்க வேண்டாம், அந்த இல்லத்துக்கு இனி இலவசமாகவே செய்து தரலாம் என்றார். நான் கிளாஸைக் கையில் எடுத்தேன். அவருக்கு அது தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"என்ன இருந்தாலும் சிஸ்டம் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்றார்.

கிளாஸை அவர் தலைக்கு மேலே இருந்த சுவரில் அடித்தேன். தேத்தாரே அவர் சட்டையிலும் அவர் மாட்டி வைத்திருந்த சிறந்த தொழில்முனைவர் சான்றிதழிலும் வழிந்தது. ஒரு கண்ணாடிச் சில் அவர் காதைக் கீறியது. அவர் கையை வைத்துப் பார்த்தார், ரத்தத்தைக் கண்டதும் குழந்தை மாதிரி பயந்துவிட்டார். என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நடந்ததை முழுசாக எழுதி இல்லத்தின் வழக்கறிஞரிடம் கொடுத்தேன், அந்த வரியையும் சேர்த்து. அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

புதிய வீடு எங்கே இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண்ணை அங்கேதான் கொண்டுவந்திருந்தார்கள். அக்காவும் கையில் மாவுக்கட்டோடு வந்துவிட்டார். செயலியைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது இருவருக்கும் இடையே ஒரு பிரச்சினை. சில நாள் கழித்துத்தான் அடியின் கன்றல் முழுசாக வெளியே வரும். அதைப் படம் எடுத்துக் கொடுத்தால், முந்தைய படங்களையும் சேர்த்துக் காட்டி, அவனை ஜாமீனில் விடக்கூடாது என்று கோர்ட்டில் கேட்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். மறுநாள் கோர்ட். அவன் வெளியே வந்தால் முதலில் யாரைத் தேடுவான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண் படம் எடுக்க மாட்டேன் என்றாள். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பு எங்கே நடந்தது என்று சொன்னேன். படங்கள் இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, யார் திறக்கலாம், வெளியிலிருந்து தட்டினால் என்ன வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கெட்டிக்காரி. எல்லாம் விளங்கியது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் முடித்ததும் என் புருவத்துத் தையலையும், அதைச் சுற்றி ஊதாவாகிக் கிடந்த கண்ணையும் பார்த்தாள்.

"உங்க மூஞ்சிய இதுக்குள்ள போடுவீங்களா அக்கா? முழுப் பேரோட?"

போடுவேன் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் என் மனத்துக்குள் என்னென்னவோ ஓடியது. சர்வரை மாற்றினால் என்ன ஆகும், நாளைக்கு வேறு ஒருவன் வந்து அந்த வரியைத் தொட்டால் என்ன ஆகும், காசு கொடுத்து உள்ளே நுழைபவர்கள் இருக்கிறார்களே. அதைக் கட்டியவள் நான். பூட்டியவளும் நான். எனக்கே என் முகத்தை அதில் போட மனம் வரவில்லை. அவள் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அவள் கோபப்படவில்லை. அக்காவிடம் போனை வாங்கினாள். இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றை ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். பின்னால் சுவர்கூடத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் எழுந்து போய் விரிப்புக்கு முன்னால் நின்றேன். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அடிபட்ட முகத்தோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. செய்யாத குற்றத்துக்கு ஆதாரம் கொடுப்பது போல இருந்தது. தலை தானாகக் குனிந்தது. கை தானாக முடியை இழுத்துக் கண்ணை மறைத்தது.

"முடிய எடுங்கக்கா. திரும்பாதீங்க. காயம் தெரியணும்" என்றாள். குரலில் கடுமை இல்லை.

முடியை ஒதுக்கினேன். நல்ல கண்ணிலிருந்தும் மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அவள் படம் எடுத்தாள். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, என் ஐசியை வாங்கி, தகப்பன் பெயரோடு என் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் தட்டினாள். ஏற்றினாள். அது போய்ச் சேரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, விரிப்புக்கு முன்னால் போய் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சட்டையைத் தூக்கினாள். அவன் மிதித்த சப்பாத்தின் அச்சு அப்படியே இருந்தது. முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்தேன்.